தண்ணீரும் கரண்டும் கணினி கையில்: ஏ.ஐ. சட்டம் எதைக் கேட்கிறது, ஜொகூர் மக்கள் யாரைக் கேட்பது?

கூலாய் - கூலாய் யங் தோட்டம் என்ற பெயர் இவ்வட்டாரத் தமிழர்களுக்குப் புதிதல்ல. செம்பனை நின்ற அந்த நிலத்தில் ஏறக்குறைய 664 ஹெக்டரை போஸ்டெட் பிளான்டேஷன்ஸ் நிறுவனம் ஒய்.டி.எல். பவர் குழுமத்திற்கு விற்றது. இப்போது அங்கே எழுந்து வருவது 500 மெகாவாட் திறன் கொண்ட தரவு மையப் பூங்கா. செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்காக அமெரிக்காவின் என்விடியா நிறுவனத்துடன் 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட கூட்டு முயற்சியும் இந்தப் பூங்காவை மையமாகக் கொண்டதுதான்.

500 மெகாவாட் என்றால் எவ்வளவு? மாதம் 360 யூனிட் மின்சாரம் பயன்படுத்தும் ஒரு வீடு, சராசரியாக எந்நேரமும் அரை கிலோவாட் இழுக்கிறது. அந்தக் கணக்கில், இந்தப் பூங்கா முழு அளவில் ஓடினால் பத்து லட்சம் வீடுகளுக்கு ஈடு. கூலாயில் செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா, இஸ்கண்டார் புத்ரியில் நூசாஜெயா தொழில்நுட்பப் பூங்கா என்று வேறு இடங்களிலும் இத்தகைய மையங்கள் நிற்கின்றன.

மின்சாரமும் தண்ணீரும் இந்த மையங்களுக்குப் போகின்றன என்பது ஒரு பக்கம். அதைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. அதிகம் பேசப்படாதது மறுபக்கம். மின்சாரம், தண்ணீர், எல்லைச் சோதனை, மருத்துவமனை ஆகியவை மெல்ல மெல்ல இதே கணினிகளின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எந்தப் பம்பை எப்போது ஓட்டுவது, எந்தக் குழாயில் கசிவு, நாளை மாலை எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று கணித்துச் சொல்லும் வேலையை உலகெங்கும் மென்பொருள்கள் செய்யத் தொடங்கிவிட்டன. அந்த மென்பொருள் தவறு செய்தால் யார் பொறுப்பு? சட்டம் இதற்கு என்ன சொல்கிறது?

ஒரு பெட்டி பழுதானால்

ஜொகூருக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. 2022 ஜூலை 27ஆம் தேதி நண்பகலுக்குப் பின் தீபகற்ப மலேசியாவின் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றது நினைவிருக்கலாம். பழுது ஏற்பட்ட இடம் யோங் பெங் வடக்கு துணை மின்நிலையம் என்று தெனாகா நேஷனல் தெரிவித்தது. ஜொகூரில் ஓரிடத்தில் கருவி கெட, கோலாலம்பூரில் விளக்கு அணைந்தது. அதில் செயற்கை நுண்ணறிவுக்கும் சம்பந்தமில்லை, ஊடுருவலுக்கும் சம்பந்தமில்லை. வெறும் கருவிப் பழுது. ஒன்றோடொன்று பின்னிய அமைப்பில் ஒரு கண்ணி அறுந்தால் என்னவாகும் என்பதற்கு அதுவே போதுமான உதாரணம்.

இரண்டு ஆண்டு கழித்து, 2024 ஜூலை 19ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு ஒன்று உலகெங்கும் கணினிகளை முடக்கியது. கே.எல்.ஐ.ஏ. இரண்டாம் முனையத்தில் ஏர் ஆசியா பயணிகள் கைமுறையாகப் பதிவு செய்ய வரிசை பிடித்தார்கள். யாரும் தாக்கவில்லை, காவலுக்கு வைத்த மென்பொருளே கவிழ்த்துவிட்டது. 2025 மார்ச் மாதம் கே.எல்.ஐ.ஏ.வில் நடந்தது வேறு வகை. அது திட்டமிட்ட இணையத் தாக்குதல். ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்கப்பட்டதாகவும், கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டதாகவும் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில் ஜொகூர் பாரு நுழைவாயில் உட்பட நாட்டின் சில எல்லைச் சாவடிகளில் தானியங்கிக் கதவுகள் பழுதாகி, வெளிநாட்டுப் பயணிகள் கைமுறைச் சோதனைக்குத் திருப்பப்பட்டனர். சிங்கப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அந்தச் சாவடியில் கால் மணி நேரம் தாமதமானாலும் அன்றைய நாளே குலைந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் நார்வே நாட்டு அனுபவம் கவனிக்கத்தக்கது. 2025 ஏப்ரலில் அங்கே பிரெமாங்கர் என்ற இடத்திலுள்ள அணையின் கட்டுப்பாட்டு அமைப்புக்குள் ஊடுருவல்காரர்கள் புகுந்து மதகைத் திறந்துவிட்டார்கள். நான்கு மணி நேரம் தண்ணீர் ஓடிய பிறகுதான் தெரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் நான்கு மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் அதில் பயங்கரம்.

இவற்றோடு செயற்கை நுண்ணறிவு சேரும்போது மூன்றாவது வகைக் கோளாறு ஒன்று வருகிறது. தாக்குதலும் கிடையாது, பழுதும் கிடையாது. இயந்திரம் தான் கற்றதையே சரியாகச் செய்கிறது, ஆனால் நிலைமை மாறிவிட்டது. ஜொகூர் ஆற்றுக்கு மேலேயுள்ள லிங்கியு நீர்த்தேக்கத்தை எடுத்துக்கொள்வோம். 2016 அக்டோபரில் அதன் கொள்ளளவு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. வழக்கமான மழை ஆண்டுகளின் கணக்கை மட்டும் படித்த ஒரு மென்பொருளிடம் அந்த அக்டோபரில் எந்தப் பம்பை ஓட்டுவது என்று கேட்டிருந்தால், அது தன் பாடத்தில் இல்லாத கேள்விக்குத் தயங்காமல் ஒரு பதில் சொல்லியிருக்கும். மனிதனாவது தலையைச் சொறிந்துகொண்டு மேலதிகாரியைக் கூப்பிடுவான். இந்த ஆற்றிலிருந்துதான் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூரும் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தவறான ஒரு கணிப்பின் பாரம் எத்தனை வீட்டுக் குழாய்களில் இறங்கும் என்பது புரியும்.

பாய்லர் சொல்லும் பாடம்

'இடர் நிர்வாகம்' என்ற சொல் கேட்பதற்கு அலுவலகப் பேச்சாகத் தோன்றும். தோட்டத்து மக்களுக்கு அது பழகிய விஷயமே. செம்பனை ஆலையில் பாய்லர் இருக்கிறது. அது வெடித்தால் ஆள் பிழைக்க முடியாது. அதற்காக யாரும் பாய்லரைத் தடை செய்யவில்லை. அழுத்தம் மீறினால் தானே திறந்துகொள்ளும் வால்வு இருக்க வேண்டும், அளவு காட்டும் முள் இருக்க வேண்டும், தகுதிச் சான்றிதழ் பெற்ற பாய்லர்மேன் பக்கத்தில் நிற்க வேண்டும், அரசாங்க அதிகாரி குறித்த காலத்தில் வந்து சோதித்துச் சான்று கொடுக்க வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். என்ன கெடலாம், கெட்டால் யார் பாதிக்கப்படுவார், கெடுவதற்கு முன் எப்படித் தெரியும், கெட்டுவிட்டால் யார் நிறுத்துவது என்ற நான்கு கேள்விக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் இடர் நிர்வாகம்.

கணினிக்கு அந்தச் சட்டம் வந்தது 2024இல். இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024, அதாவது சட்டம் 854, அவ்வாண்டு ஆகஸ்ட் 26ஆம் தேதி நடப்புக்கு வந்தது. தேசிய இணையப் பாதுகாப்பு நிறுவனமான நக்சா அதை அமல்படுத்துகிறது. நாட்டின் முக்கியத் தகவல் உள்கட்டமைப்பு என்று 11 துறைகளை அது குறிக்கிறது. அரசாங்கம், வங்கி, போக்குவரத்து, தற்காப்பு, தொலைத்தொடர்பு, சுகாதாரம், எரிசக்தி என்று எதிர்பார்க்கக்கூடியவை எல்லாம் பட்டியலில் உள்ளன. தண்ணீர், கழிவுநீர், குப்பை நிர்வாகமும் உண்டு. பலர் கவனிக்காத ஒன்று: விவசாயமும் தோட்டத்துறையும் அதில் இருக்கின்றன. வங்கிக்கும் இராணுவத்துக்கும் பக்கத்தில் தோட்டத்தை வைத்து எழுதியிருக்கிறார்கள். தோட்ட வீடுகளின் கூரைக்கும் சாலைக்கும் இந்த அந்தஸ்து எப்போது கிடைத்தது என்று யாராவது கேட்டால் அதில் தவறில்லை.

இந்தத் துறைகளில் முக்கியமான கணினி அமைப்பு வைத்திருப்பதாக நியமிக்கப்பட்ட நிறுவனம், ஆண்டுக்கு ஒரு முறையாவது இடர் மதிப்பீடு செய்ய வேண்டும். ஈராண்டுக்கு ஒரு முறையாவது தணிக்கை நடக்க வேண்டும். செய்யாவிட்டால் 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தாக்குதல் நடந்தது தெரிந்தால் உடனே அறிவிக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் முதல் விவரம், 14 நாளுக்குள் கூடுதல் விவரம். மறைத்தால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை. கடுமையான சட்டம்தான்.

ஓட்டைகள் எங்கே? முதலாவது, அந்த ஆறு மணி நேர அறிவிப்பு போவது நக்சாவுக்கும் அந்தத் துறையின் பொறுப்பாளருக்கும். தண்ணீர் நின்ற வீட்டுக்காரருக்கு ஏன் நின்றது என்று சொல்ல வேண்டும் என இந்தச் சட்டத்தில் கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டாவது, கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்கும் சட்டம் பொருந்தும், ஆனால் அவற்றின் மீது இச்சட்டப்படி வழக்குத் தொடர முடியாது. மூன்றாவது, ஒரு தரவு மையம் தரவு மையமாக இருப்பதாலேயே இந்தக் கடமைகள் வந்துவிடாது. அது நியமிக்கப்பட வேண்டும். கடைசியாக, செயற்கை நுண்ணறிவுக்கு என்று தனிப் பிரிவே இதில் இல்லை. இது தாக்குதலைப் பார்க்கிறது. தாக்காமலே தவறு செய்யும் இயந்திரத்தைப் பற்றி இந்தச் சட்டத்திடம் கேட்டால் பெரிதாகப் பதில் கிடைக்காது.

தோட்டத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. செம்பனை மரங்களை ட்ரோன் மூலம் எண்ணுவதும், குலை பழுத்ததா காயா என்று கேமரா வழி தரம் பிரிப்பதும் முயற்சி செய்யப்பட்டு வருகின்றன. குலைக் கணக்கை வைத்துச் சம்பளம் வாங்கும் ஒரு தொழிலாளியின் குலையைக் கேமரா காய் என்று தள்ளிவிட்டால், அது இணையத் தாக்குதல் ஆகாது. நக்சாவுக்கு அதில் வேலை இல்லை. அவர் பழையபடி தொழிலாளர் இலாகாவுக்கோ தொழிற்சங்கத்துக்கோதான் போக வேண்டும். 'கேமரா சொன்னது' என்பதற்கு எதிராக அவர் எதைக் காட்டுவது என்ற கேள்வி அங்கேயும் காத்திருக்கும்.

மாநிலத்தால் முடியுமா?

அமெரிக்காவில் மாநிலங்களே ஏ.ஐ. சட்டம் போடுகின்றன. மொண்டானா மாநிலம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றிய சட்டம் ஒரு விசித்திரக் கலவை. கணினியைப் பயன்படுத்துவது குடிமக்களின் உரிமை, அரசாங்கம் அதில் தேவையின்றித் தலையிடக் கூடாது என்று தொடங்குகிறது. அதே சட்டம், முக்கிய உள்கட்டமைப்பைச் செயற்கை நுண்ணறிவு கட்டுப்படுத்துமானால், அதை நடத்துகிறவர் இடர் நிர்வாகக் கொள்கையை எழுதி வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சுதந்திரம் வேண்டும் என்று எழுதியவர்களே மின்நிலையம் என்று வந்ததும் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏ.ஐ. சட்டம் இன்னும் நேராகப் பேசுகிறது. 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த அச்சட்டம், தண்ணீர், எரிவாயு, மின்சாரம், சாலைப் போக்குவரத்து ஆகியவற்றின் பாதுகாப்புக்கான ஏ.ஐ. அமைப்புகளை உயர் ஆபத்துப் பிரிவில் வைக்கிறது. அவற்றை மனிதர் மேற்பார்வையிட வேண்டும், தேவைப்பட்டால் நிறுத்தவும் முடிய வேண்டும்.

ஜொகூர் சட்டமன்றம் மொண்டானாவைப் போல் செய்ய முடியுமா என்றால், பெரும்பாலும் முடியாது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அதிகாரங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. தொலைத்தொடர்பு, மின்சாரம், வாணிபம், தொழில்துறை எல்லாம் கூட்டரசின் கையில். நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில். நகரத் திட்டமிடல் இருவருக்கும் பொது. 2005 திருத்தத்துக்குப் பிறகு நீர் விநியோகமும் பொதுப் பட்டியலில் சேர்ந்தது. ஆகவே ஏ.ஐ. எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஜொகூர் சட்டம் எழுத முடியாது. ஆனால் அந்த ஏ.ஐ. எந்த நிலத்தில் நிற்கலாம், நிற்கவே கூடாதா என்று சொல்ல முடியும்.

அதைத்தான் மாநில அரசாங்கம் செய்து வருகிறது. 2024இல் தரவு மையங்களுக்கான ஒருங்கிணைப்புக் குழு அமைக்கப்பட்டது. சில மாதங்களில், வந்த விண்ணப்பங்களில் ஏறக்குறைய 30 விழுக்காடு நிராகரிக்கப்பட்டதாகச் செய்தி வெளியானது. 2025 நவம்பரில், தண்ணீரை அதிகம் செலவிடுவதால் முதல், இரண்டாம் நிலைத் தரவு மையங்களுக்கு இனி அனுமதி இல்லை என்று வீடமைப்பு, ஊராட்சித் துறைக்கான ஆட்சிக்குழு உறுப்பினர் டத்தோ முகமட் ஜாஃப்னி முகமட் ஷுக்கோர் அறிவித்தார். நல்ல முடிவாகத் தோன்றினாலும் ஒரு சிக்கல் உண்டு. தரவு மையங்களை நான்கு நிலைகளாகப் பிரிப்பது அமெரிக்காவின் அப்டைம் நிறுவனம். அந்த நிலைகள் அளப்பது மையம் எவ்வளவு நேரம் தடையின்றி ஓடும் என்பதை. மூன்றாம் நிலைக்கு 99.982 விழுக்காடு, நான்காம் நிலைக்கு 99.995 விழுக்காடு. தண்ணீர்ச் செலவை அவை அளப்பதில்லை. நீராவியாக்கிக் குளிரூட்டும் முறையா, மூடிய சுற்றில் ஓடும் நீரா என்பதைப் பொறுத்துத்தான் தண்ணீர்க் கணக்கு மாறும். நான்காம் நிலை மையமும் நிறையக் குடிக்கலாம். அளவுகோலை மாற்றிப் பிடித்தால் விதி இருந்தும் பயன் குறைந்துவிடும்.

தண்ணீர் விநியோகத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜொகூரின் குழாய் நீரை நடத்துவது ரன்ஹில் எஸ்.ஏ.ஜே. அதன் தாய் நிறுவனமான ரன்ஹிலின் பெரும்பான்மைப் பங்குகளை ஒய்.டி.எல். பவர் 2024இல் வாங்கியது. தண்ணீர் விற்கும் குழுமமும் தரவு மையப் பூங்கா வைத்திருக்கும் குழுமமும் இப்போது ஒன்றே. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஆனால் வறட்சி நாளில் யாருக்கு முதலில் தண்ணீர் என்ற முடிவை ஒரு மென்பொருள் எடுக்குமானால், அந்த மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்த முன்னுரிமை என்ன என்று தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பான் கேட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது. தரவு மையங்கள் சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்த வேண்டும் என்று ஸ்பான் தலைவர் சார்ல்ஸ் சந்தியாகோ ஏற்கனவே வலியுறுத்தி வருகிறார்.

வரப்போகும் மசோதா

ஏ.ஐ. பற்றி மலேசியாவில் இதுவரை இருப்பது வழிகாட்டி மட்டுமே. அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சு 2024 செப்டம்பரில் வெளியிட்ட அந்த நெறிமுறையில் ஏழு கோட்பாடுகள் உண்டு. பின்பற்றாவிட்டால் தண்டனை இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய ஏ.ஐ. அலுவலகம் தொடங்கப்பட்டது. ஏ.ஐ. நிர்வாக மசோதாவை 2026இல் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவர இலக்கு வைத்திருப்பதாக டிஜிட்டல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ அறிவித்திருந்தார்.

அந்த மசோதா வரும்போது ஜொகூர் மக்கள் அதில் தேட வேண்டியவை சில உள்ளன. தண்ணீர், மின்சாரம் போன்றவற்றில் ஏ.ஐ. பயன்பட்டால் அதைத் தனியாக மதிப்பிட வேண்டும் என்று இருக்கிறதா? இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் உள்ள மனிதர் யார் என்று பெயர் குறிக்கச் சொல்கிறதா? பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டுமா? அரசாங்கத்துக்கும் பொருந்துமா? கடைசிக் கேள்வி சும்மா எழவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்கும் கடமை வந்த பிறகும், கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்கு அச்சட்டம் பொருந்துவதில்லை.

மசோதாவுக்குக் காத்திராமலே செய்யக்கூடியவையும் உண்டு. ஊராட்சிப் பகுதிகளின் உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1976இன் கீழ் எவரும் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம். வரைவு பெரும்பாலும் மலாய் மொழியில், வரைபடங்களோடு, நகராண்மைக் கழக அலுவலகத்தில் இருக்கும். குடியிருப்போர் சங்கமோ ஆலய நிர்வாகமோ சேர்ந்து போய்ப் பார்த்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் அதற்கு எடை கூடும். தண்ணீர்த் தடை பற்றி முதலில் எஸ்.ஏ.ஜே.யிடம் புகார் செய்து, அந்தப் புகார் எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். தீர்வு இல்லையென்றால் அந்த எண்ணோடு ஸ்பானிடம் போகலாம். மின்சாரத்துக்கு தெனாகா நேஷனல் முதலில், பிறகு எரிசக்தி ஆணையம். புகாரில் நாள், நேரம், எத்தனை வீடு என்ற மூன்றும் இருக்கட்டும். காரணத்தை எழுத்தில் தரும்படியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

மசோதா மக்களவையில் மூன்று வாசிப்புகளைத் தாண்டி, பிறகு மேலவைக்குப் போகும். இரண்டாம் வாசிப்பில்தான் விவாதம் நடக்கும். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் மேற்சொன்ன கேள்விகளைக் கொடுத்து வைக்க வேண்டுமானால், அதற்கு முன் கொடுக்க வேண்டும்.